சேற்றைக் கலக்காமல் கடலடியைப் பார்க்க: ஆர்ஓவி அமைப்பில் இதுவரை செய்தவை

கழிவுநீர் கலக்கும் கரையோரக் கடலடியை, மேலிருந்து கேபிள் வழியே இயக்கும் ஆர்ஓவி (ROV) எனும் சிறிய ஆளில்லா நீர்மூழ்கி ஊர்தியைக் கொண்டு படமெடுக்கும் முயற்சியில், அடியிலுள்ள சேற்றைக் கலக்காமல் அதை எப்படி நிறுத்துவது என்பதற்கே இம்முறை பெரும்பகுதி நேரத்தைச் செலவிட்டேன். கன உலோகங்கள் பெரும்பாலும் நுண்ணிய களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்து கிடப்பதால், ஊர்தியை நகர்த்தும் சுழல்விசிறியான உந்தியின் வேகத்தில் அந்தத் துகள்கள் கிளம்பினால், மாசை அளக்கப் போனவர்களே அதைப் பரப்பியவர்களாகிவிடுவோம்.

ஆகவே ஊர்தியைச் சற்றே மிதக்கும் நிலையில் வைத்தேன். மேலே எழப் பார்க்கும் ஊர்தியை ஆழத்தில் பிடித்து வைக்கச் செங்குத்து உந்திகள் நீரை மேல்நோக்கியே தள்ளும் என்பதால், சேறு அப்படியே கிடக்கிறது. இந்த எடைச் சமநிலையை நன்னீர்த் தொட்டியில் முழுமையாக முடித்துவிட முடியாது. கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 2.5 விழுக்காடு அதிகம் என்பதால், 10 கிலோ ஊர்திக்கு 250 கிராம் அளவுக்கு ஈயம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஈயத்தைச் சட்டத்தின் அடியிலும் மிதவை நுரையை உச்சியிலும் பொருத்தியபின் ஊர்தி சாயாமல் நிற்கிறது.

அடுத்தது வெளிச்சம். விளக்கு கேமராவை ஒட்டி இருந்தால், மிதக்கும் துகள்களில் பட்ட ஒளி நேராகத் திரும்பி வந்து, மூடுபனியில் எரியும் முகப்பு விளக்கைப் போலக் காட்சியை வெளுக்கச் செய்துவிடும். இருபுறமும் விளக்குகளைத் தள்ளிப் பொருத்தி, சற்றே வெளிப்பக்கமாகத் திருப்பிய பிறகுதான் கருஞ்சேற்றின்மேல் பஞ்சு படர்ந்தாற்போன்ற வெண்படலம் தெளிவாகத் தெரிந்தது. கரிமக் கழிவு மிகுந்து, பிராணவாயு குன்றி, சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கசியும் இடங்களில் பெக்கியாட்டோவா போன்ற பாக்டீரியாக்கள் இப்படிப் படர்வதுண்டு. 10 செ.மீ. இடைவெளியில் இணையாகப் பொருத்திய இரண்டு லேசர் புள்ளிகளை வைத்து அதன் அகலத்தைப் படத்திலேயே அளக்கலாம்.

ரேடியோ அலை கடல்நீரில் வெகுதூரம் செல்லாததால் கேபிள் இல்லாமல் ஊர்தியை இயக்க முடியாது. கேபிள் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, கைவிடப்பட்ட வலைகள் கிடக்கும் பக்கம் போகாமல் இருப்பதே பாதுகாப்பு.

கேமரா எவ்வளவு தெளிவாகக் காட்டினாலும், சேற்றில் ஈயமோ பாதரசமோ எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது. அதற்கு மேலடுக்கு குலையாமல் சேற்றை எடுக்க வேண்டும் என்பதால், ஊர்தியின் முன்புறம் பொருத்தக்கூடிய சிறிய மாதிரிக் குழாய் ஒன்றை இப்போது வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன்.