விவசாயப் பாடத்தில் கட்டுறு பயில்வுக்குப் போகிறவர்களுக்கு

கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருட விடுதி வாழ்க்கை முடிந்து, மூன்றாம் வருடம் கட்டுறு பயில்வுக்கு, அதாவது ஒரு பாடசாலையில் படிப்பித்துப் பழகப் போகும்போது, மற்றப் பாடக்காரருக்கு இல்லாத ஒரு தொல்லை விவசாயப் பாடக்காரருக்கு உண்டு. கணிதம் படிப்பிப்பவருக்குப் பாடசாலை நேரசூசி ஒன்றே போதும். எங்களுக்கு இன்னொரு நேரசூசி இருக்கிறது. அது மழைக்கும் வெயிலுக்கும் கட்டுப்பட்டது. வவுனியாப் பக்கத்தில் தரம் 10, 11 வகுப்புகளுக்குப் படிப்பித்த அனுபவத்தில் சொல்கிறேன்: முதலில் பயிருக்கு நாள் குறியுங்கள், பாடத்திட்டத்தின் தேர்ச்சி மட்டங்களைப் பிறகு அதற்குள் அடுக்குங்கள்.

முதல் கிழமையே ஒரு பெரிய தாளில் மூன்று தவணைகளையும் கீறிவிடுங்கள். கீரை ஒரு மாதத்தில் பிடுங்கலாம். ராபுக்கு 40, 45 நாள். பயற்றை இரண்டு மாதத்துக்குள் காய்க்கத் தொடங்கும். மிளகாய் நாற்றுமேடையிலேயே ஒரு மாதம் நிற்கும். நட்ட பிறகும் காய் பறிக்க இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். மூன்றாம் தவணை தொடங்கின கையோடு விதை போடாவிட்டால், டிசம்பர் விடுமுறைக்கு முன் பிள்ளைகள் ஒரு பச்சைமிளகாயைக்கூடக் காணமாட்டார்கள். ஓகஸ்ட் விடுமுறைக்கு இளம் பயிரை விட்டுவிட்டுப் போவதும் வேண்டாம். அந்தக் கச்சான் காற்றிலும் வெயிலிலும் அது தாங்காது. காவலாளி ஐயா தண்ணீர் ஊற்றுவார் என்று நம்பியிருப்பது அவருக்கும் நியாயமில்லை.

மேற்பார்வைக்கு விரிவுரையாளர் வரும் நாளுக்கு மண்ணில்லாமல் நெல் நாற்று வளர்க்கும் டாபொக் நாற்றுமேடையைப் போல உதவும் பாடம் வேறில்லை. தோட்டமே தேவையில்லை, சீமெந்துத் தரை போதும். வாழையிலையோ பொலித்தீனோ விரித்து, ஒரு நாள் ஊறவைத்து முளைகட்டிய நெல்லை நெருக்கமாகப் பரப்பிவிட்டு, காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் 10 முதல் 14 நாளில் நாற்று தயார். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் பாய் போலச் சுருட்டித் தூக்கலாம். பின்வாங்கில் தூங்குகிறவனும் அதைச் சுருட்ட எழும்பி வருவான். ஏன் 14 நாளுக்கு மேல் வைக்கக்கூடாது என்று அப்போதே கேளுங்கள். நெல்மணியில் இருந்த உணவு தீர்ந்துவிடும், கீழே மண்ணும் இல்லை என்ற விடை பிள்ளைகளிடமிருந்தே வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது மண் பாடம். வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி மண் கொண்டுவரச் சொன்னேன். தண்ணீரில் பிசைந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் நாடாவாக நீட்டிப் பார்க்க வேண்டும். மணல் கூடினால் நாடா வராது, உடனே உடையும். களி கூடினால் நீளமாக வரும், விரலில் ஒட்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, ஒரு பாடவேளைக்குள் முடியும். பிறகு மாதிரிகளை மேசையில் வரிசையாக வைத்தோம். மேட்டுக்காணிப் பிள்ளைகளின் மண் எல்லாம் செங்கபிலம். குளத்துக்குக் கீழே வயல் உள்ளவர்களின் மண் சாம்பல் நிறம், நல்ல களி. “ரீச்சர், ஒரே ஊர்தானே, ஏன் ரெண்டு நிறம்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். மேட்டில் நீர் வடிந்துவிடுவதால் காற்றுப் படும், இரும்பு ஒட்சியேற்றமடைந்து சிவக்கும். தாழ்நிலத்தில் நீர் தேங்குவதால் அது நடப்பதில்லை. பாடநூலில் தனித்தனியாக இருக்கும் நீர்வடிப்பும் மண் நிறமும் அந்த மேசையில் ஒன்றாகச் சேர்ந்தன. அதன் பிறகு நான் வைத்திருந்த படத்தை விரிக்கவே இல்லை.

பீடைப் பாடத்துக்கும் இப்படித்தான், நோய்ப்பட்ட மிளகாய்ச் செடியைப் பிடுங்கி எறிய அவசரப்படாதீர்கள். இலை மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் பெரும்பாலும் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் சிற்றுண்ணி. கொழுந்தை ஒரு வெள்ளைத் தாளின் மேல் பிடித்துத் தட்டினால், கோடு கோடாகச் சின்னப் பூச்சிகள் ஓடும். ஒரு கைவில்லை இருந்தால் வகுப்பே தலையை நுழைக்கும். சோதனையில் இதைக் கேட்டால் அந்தப் பிள்ளைகள் தடுமாறமாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதாரண தரத்தில் விவசாயம் ஒரு தொகுதிப் பாடம்; சில பாடங்களுள் ஒன்றைத் தெரிவு செய்யும் தொகுதியில் அது இருக்கிறது. தகவல் தொழினுட்பத்துக்கு இடம் கிடைக்காமல் வந்தவர்களும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களை ‘ஏலாத பிள்ளைகள்’ என்று ஆசிரியர் ஓய்வறையில் சொல்வதைக் கேட்பீர்கள்; அதை வகுப்புக்குள் கொண்டுபோகாதீர்கள். அவர்களில் பாதிப்பேர் வீட்டில் வயல் செய்கிறவர்கள். எங்கள் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு பையன், எந்த நெல் எத்தனை மாதம் என்று மனப்பாடமாகச் சொன்னான். அந்த இடத்தில் நான் சேர்த்தது கொஞ்சம்தான்: நெல்லினப் பெயரின் எழுத்து அதை உருவாக்கிய ஆராய்ச்சி நிலையத்தின் ஊர், பீஜீ என்றால் பத்தலகொடை, ஏடீ என்றால் அம்பலாந்தோட்டை; இலக்கத்தில் 300 மூன்று மாத நெல், 358-உம் 362-உம் மூன்றரை மாதம், 403 நான்கு மாதம். “அப்ப நம்பரிலயே வயது இருக்கு” என்றான். அடுத்த பாடத்தில் குறிப்பை அவனே கரும்பலகையில் எழுதினான்.

பாடக்குறிப்பு எழுதும்போது ஈடுபடுத்தல், கண்டறிதல் என்று ஐந்து படிகளையும் ஒவ்வொரு பாடவேளைக்குள்ளும் திணிக்கப் பார்க்காதீர்கள். தோட்டத்துக்குப் போய், மண்வெட்டி பகிர்ந்து, வேலை செய்து, கைகால் கழுவித் திரும்பவே நேரம் சரி. இரட்டைப் பாடவேளை தரச் சொல்லி, நேரசூசி போடும் முன்பே பகுதித் தலைவரிடம் கேளுங்கள். போட்ட பிறகு கேட்டால் கிடைக்காது. மழை நாளுக்கென்று ஒரு உள்ளகப் பாடம், விதை முளைதிறன் சோதனை மாதிரி, எப்போதும் கைவசம் இருக்கட்டும். ஈரத்தாளில் 100 கௌபி விதை, நாலைந்து நாளில் முளைத்ததை எண்ணினால் சதவீதம் அப்படியே வந்துவிடும்.

தோட்டப் பதிவேட்டைப் பிள்ளைகளே எழுதட்டும்: விதைத்த திகதி, மழைமானி அளவு, பசளை, பறித்த நிறை. பயில்வு முடிந்து வரும்போது அதைக் கோப்பில் போட்டுக் கொண்டுவந்துவிடாமல் வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுங்கள். உங்களுக்குப் பிரதி போதும். அடுத்து வருகிறவர் எந்தப் பாத்தியில் என்ன நின்றது என்று தெரியாமல் கத்தரிக்குப் பின் கத்தரியே நடுவார்.