சித்தியின் சொளவும் ஒரு மசோதாவும்

முக்கூடல் பக்கம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். மடியில் சொளவு, அதில் வெட்டிய பீடி இலையும் தூளும். சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "பஞ்சாயத்துல பாதிக்குப் பாதி பொம்பளையாளுக வந்தாச்சு. டெல்லியில ஏம்ல இன்னும் வரல?"

சொன்னேன். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்ற மகளிர் ஒதுக்கீட்டு மசோதா முதலில் மக்களவைக்கு வந்தது 1996-ல். 1998-ல் அவைக்குள்ளேயே நகலைப் பிடுங்கிக் கிழித்தார்கள். 2010 மார்ச்சில் மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் ஓட்டெடுப்புக்கே வராமல் 2014-ல் காலாவதியானது. பெரிய கட்சிகள் எல்லாம் ஆதரவு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் பேர் யாருக்குப் போகும், அதற்குள்ளேயே பிற்படுத்தப்பட்ட பெண்களுக்குத் தனிப் பங்கு, அதாவது உள்ஒதுக்கீடு, உண்டா இல்லையா என்ற இழுபறியிலேயே 27 வருஷம் போய்விட்டது. கடைசியில் 2023 செப்டம்பரில் புதிதாகக் கொண்டுவந்த மசோதாவுக்கு மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. இரண்டே இரண்டு ஓட்டு! அப்போதும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் அமல் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். சொல்லும்போதே எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை பேர் ஒத்துக்கொண்ட விஷயத்துக்கே இந்தக் கதி என்றால், நிஜமாகவே கருத்து வேறுபாடு உள்ள சட்டங்கள் எப்படி நகரும்?

சித்தியின் கை நிற்கவே இல்லை. "தொண்ணூத்தாறா? நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருஷம்லா அது" என்றவள், பீடியில் நூலைச் சுற்றிச் சொளவில் போட்டுவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.