உரசிய பிரேக்கும் எதிர்க்காற்றும்

44 வயதில் அலுவலகத்துக்கு மிதிவண்டியில் போகத் தொடங்கினேன். வீட்டிலிருந்து அலுவலகம் 14 கிலோமீட்டர். சிறுவயதில் அரைப்பெடல் போட்டுப் பழகியவன் என்பதால் எனக்கு மிதிவண்டி ஓட்டத் தெரியும் என்றே நம்பியிருந்தேன். ஓட்டத் தெரிவது ஒன்று. கியர் வைத்த வண்டியில் நாள்தோறும் 28 கிலோமீட்டர், வெயிலிலும் மழையிலும், வாகனங்களுக்கு நடுவே, வேலை செய்யும் தெம்பு மிச்சமிருக்கும்படி போய்த் திரும்புவது வேறொன்று. இந்த வேறுபாடு எனக்கு விளங்க ஐந்து மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் நான் விழுந்தவற்றையும் திணறியவற்றையும் இங்கே எழுதக் காரணம், அவற்றுள் ஒரு நாள் என் வேலையைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணத்தையே அசைத்துவிட்டது என்பதுதான்.

கணக்குச் சரிபார்ப்புப் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்புகளில் ஒன்று. முதல் இரண்டு மாதங்கள் அவர்கள் படும் பாட்டைப் பார்த்து நான் வழக்கமாகச் சொல்வது ஒரே வாக்கியம்: ‘பழகப் பழகச் சரியாகிவிடும்.’ ஆறுதலாகவும் அறிவுரையாகவும் அதைச் சொல்லிவந்தேன். மிதிவண்டியில் ஏறியபின் அதே வாக்கியத்தை எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

முதலில் முழங்கால் வலித்தது. மூன்று வாரங்கள் இரண்டு முழங்கால்களின் முன்புறமும், படி இறங்கும்போதெல்லாம், ஊசி குத்துவதுபோல் வலித்தது. புதிதாக ஓட்டுபவன் கட்டவேண்டிய வரி என்று அதைப் பொறுத்துக்கொண்டேன். உண்மையில் நான் இருக்கையைத் தாழ்த்தி வைத்திருந்தேன். வண்டி நிற்கும்போது இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியவேண்டும் என்ற பயந்தான் காரணம். இருக்கை தாழ்ந்தால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மேல் மடங்கி, அந்த மடங்கிய நிலையிலேயே முழுச் சுமையையும் தாங்கவேண்டியிருக்கிறது. இருக்கையில் உட்கார்ந்து, பெடல் மிகக் கீழே இருக்கும் நிலையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் இலேசான மடிப்பு மட்டும் மிஞ்சும். இதைத் தெரிந்துகொண்டு இருக்கையை நான்கு விரற்கடை உயர்த்திய அடுத்த வாரமே வலி போய்விட்டது. மூன்று வாரங்கள் சகித்த வலிக்கு மருந்து, ஒரு திருகியைத் தளர்த்தி இறுக்கும் இரண்டு நிமிட வேலையாக இருந்தது.

உயர்த்திய இருக்கை வேறொரு சிறுமையைக் கொண்டுவந்தது. சரியான உயரத்தில் உட்கார்ந்தவன் நிறுத்தும்போது இருக்கையைவிட்டு முன்னால் நகர்ந்து இறங்கித்தான் காலை ஊன்ற முடியும். பழைய நினைப்பில் உட்கார்ந்தபடியே காலை நீட்டினேன்; தரை அங்கே இல்லை. அலுவலக வாயிலில், பிரிவில் பாதிப் பேர் உள்ளே நுழைந்துகொண்டிருந்த நேரத்தில், வேரறுந்த மரம்போல ஒரு பக்கமாக மெதுவாகச் சாய்ந்தேன். ஓடும் வண்டியிலிருந்து யாரும் விழலாம்; நிற்கும் வண்டியிலிருந்து விழுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

பெடல் கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய பெடல்களை நானே மாற்றப் புகுந்து, இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும் என்று தெரியாமல், வலப்பக்கம் போலவே திருகி, ஏறாததைப் பலங்கொண்டு ஏற்றினேன். இரண்டாம் நாள் அது நடுச்சாலையில் கையோடு வந்துவிட்டது, பெடலைத் தாங்கும் கிராங்கின் மரையையும் அரித்துக்கொண்டு. மரை கழன்றது வண்டிக்கா எனக்கா என்று வீட்டில் கேட்டார்கள்.

பிரேக் விஷயம் அவ்வளவு வேடிக்கையானதன்று. முன்பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவாய் என்று சிறுவயதில் கேட்ட எச்சரிக்கை மனத்தில் படிந்திருந்ததால், நான் பின்பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டினேன். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், இறக்கத்தில், முன்னால் போன வாகனம் சட்டென்று நின்றபோது பின்பிரேக்கை முழுதாக இறுக்கினேன். பின்சக்கரம் சுழற்சி நின்று வழுக்கிப் பக்கவாட்டில் ஓடியது, முழங்கையோடு நானும் சாலையில் உராய்ந்துகொண்டு போனேன். வேகம் குறையும்போது உடலின் எடையும் வண்டியின் எடையும் முன்சக்கரத்தின்மேல் சாய்கின்றன. பின்சக்கரம் இலேசாகித் தரையைப் பற்றும் பிடியை இழக்கிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் வலிமையின் பெரும்பகுதி முன்பிரேக்கில்தான் இருக்கிறது. அதைத் திடீரென்று கவ்வாமல், கைகளை ஊன்றி உடலைப் பின்னுக்கு நகர்த்தி, படிப்படியாக அழுத்தப் பழகவேண்டும். சிறுவயதில் கேட்ட எச்சரிக்கையில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதிதான் என்னை விழவைத்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். முந்தைய இரவு பின்சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. டியூபைக் கழற்றிப் பார்த்தால், பாம்பு கடித்தாற்போல் அருகருகே இரண்டு பொத்தல்கள். முள்ளோ ஆணியோ இப்படிச் செய்யாது. காற்றுக் குறைவாக இருக்கும் டயர் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் இடையில் நசுங்கி இப்படிக் கிழியும். எத்தனை அழுத்தம் வேண்டுமென்று டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தும் நான் இரண்டு வாரங்களாகக் காற்றே அடிக்கவில்லை. புது டியூபை ஒரு மணி நேரம் போராடி நானே மாற்றினேன், கைகளில் கரியும் மனத்தில் கர்வமும் ஏற.

மறுநாள் மாதாந்தரக் கூட்டம். வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பினேன். முதல் கிலோமீட்டரிலேயே கால்கள் கனத்தன. இரவு சரியாகத் தூங்காததால் என்று நினைத்தேன். இரண்டாவது கிலோமீட்டரில் காற்று எதிராக வீசுகிறது என்று முடிவுசெய்தேன். ஆனால் சாலையோர மரங்களில் இலைகூட அசையவில்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது, அதற்கு நான் மதிப்புக் கொடுக்கவில்லை. பின்னால் ‘சர் சர்’ என்று ஒரு மெல்லிய ஓசை வந்துகொண்டிருந்தது. ஈரச்சாலையின் ஓசை என்று அதையும் ஒதுக்கினேன். சமதரையில், ஏற்றத்துக்கென்று ஒதுக்கிய கியரில், மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். பள்ளிச் சீருடை அணிந்த ஒரு சிறுமி பழைய கனத்த வண்டியில் என்னைத் தாண்டிப் போனாள். போகிறபோக்கில் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

ஆறாவது கிலோமீட்டரில் மேம்பாலம். பாதியில் இறங்கித் தள்ளினேன். அங்கே நின்று வண்டியைப் பார்த்திருக்கலாம், அப்போது தோன்றவேயில்லை. என் சிந்தனை முழுவதும் என் உடலைப் பற்றியும் என் மன உறுதியைப் பற்றியுமே இருந்தது. இதைத் தாங்கிவிட்டால் நான் தேறிவிட்டவன், இன்று திரும்பினால் இனி இந்த வண்டியைத் தொடமாட்டேன் என்றெல்லாம் எனக்கு நானே சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தேன். பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதும் அதில் வந்தது. வழக்கமாக 50 நிமிடத்தில் முடியும் தொலைவை 1 மணி 20 நிமிடத்தில் கடந்து, கூட்டத்துக்கு 20 நிமிடம் தாமதமாக, சட்டை முழுதும் நனைந்து, வாயிலுக்குள் நுழைந்தேன்.

வாயில் காவலர் என்னைவிட மூத்தவர், வாழ்நாள் முழுதும் மிதிவண்டியிலேயே வேலைக்குப் போனவர். நான் வண்டியை நிறுத்தும்போதே பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். இருக்கையை ஒரு கையால் தூக்கி, மறுகையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது ஒரு சுற்றுக்கூட முடிக்காமல் நின்றது.

“சக்கரம் சாஞ்சிருக்கு சார். பிரேக் கட்டை ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டே வருது. இதை எப்படி மிதிச்சுட்டு வந்தீங்க?”

“காத்துன்னு நினைச்சேன் அண்ணா.”

அவர் சிரிக்கவில்லை, அதற்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். வண்டியைத் தரையில் நேராக ஊன்றி, சக்கரத்தின் அச்சை இறுக்கிவைக்கும் நெம்பியைத் திறந்தார். வண்டியின் எடையில் அந்த அச்சு, சட்டகத்தில் தனக்கென்று உள்ள காடிக்குள் ‘டக்’கென்று விழுந்து உட்கார்ந்தது. நெம்பியை மூடினார். மீண்டும் சுற்றிவிட்டார்; நான் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்து மடித்து வைக்கும்வரை அது சுற்றிக்கொண்டிருந்தது. முந்தைய இரவு அச்சின் ஒரு முனை காடியில் முழுதாக உட்காரும் முன்பே நான் நெம்பியை மூடியிருக்கிறேன். பெரிய பள்ளம் ஒன்றில் இறங்கியிருந்தால் சக்கரமே கழன்றிருக்கக்கூடும் என்றார். 14 கிலோமீட்டரும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மிதித்தவன் நான்.

கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பது நினைவில்லை. தாமதத்துக்காகக் கிடைத்த பார்வைகளைவிட, வழியெல்லாம் என்னை நானே பாராட்டிக்கொண்டு வந்ததுதான் உறுத்தியது. பொறுமை என்று நான் பெயர் வைத்திருந்தது, குனிந்து ஒருமுறை பார்க்காத சோம்பல்.

அந்த நாள் அதோடு முடிந்திருந்தால் கதை எளிதாகியிருக்கும்: எதுவும் கனமாகத் தோன்றினால் பொறியில்தான் கோளாறு என்று நான் தீர்மானித்திருப்பேன். மாலையில் உண்மையாகவே காற்று எழுந்தது. திரும்பும் வழியில் எட்டுக் கிலோமீட்டர் திறந்தவெளி. கட்டடமோ மரவரிசையோ மறைக்காத சாலை. அதற்குள் நுழைந்த உடனே காலையில் இருந்த அதே கனம் கால்களில் ஏறியது. இம்முறை இறங்கினேன். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன், தடையின்றி ஓடியது. முன்சக்கரமும் அப்படியே. டயர்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், காற்று இருந்தது. சங்கிலி இடத்தில் இருந்தது. சரிசெய்ய ஒன்றுமில்லை. ஒரு கோளாறாவது கிடைக்காதா என்று ஏங்கினேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

எதிர்க்காற்றின் கணக்கு கொடுமையானது. காற்றின் தடை, காற்றோடு ஒப்பிடும்போது நாம் போகும் வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய அளவுக்கேற்ப வளர்கிறது. காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன், 20 கிலோமீட்டர் வேக எதிர்க்காற்றிலும் அதே வேகத்தைப் பிடிக்க முயன்றால், காற்று அவன்மேல் 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். தடை நான்கு மடங்காகும். வேகத்தைப் பாதியாக, 10 கிலோமீட்டராகக் குறைத்தால் மோதும் காற்று 30 கிலோமீட்டர். தடை அப்போதும் இரண்டே கால் மடங்கு. ஆனால் ஒவ்வொரு நொடியும் செலவாகும் ஆற்றல் தடையையும் தரையில் போகும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. இரண்டே காலைப் பாதியால் பெருக்கினால் ஒன்றுக்குச் சற்று மேல். அதாவது, பாதி வேகத்தில் போனாலும் காற்றைக் கிழிக்க வழக்கமான நாளைவிடச் சற்றுக் கூடுதலான உழைப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கணக்கை வேறொரு நாள் தாளில் போட்டுப் பார்த்தேன். அன்று மாலை எனக்குத் தெரிந்ததெல்லாம், வேகமானியின் எண்ணைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் உடைகிறது என்பதே. கைக்குட்டையை அதன்மேல் சுற்றிக் கட்டினேன்.

பிறகு செய்தவை மிகச் சாதாரணமானவை. கியரை இறக்கி, கால்கள் நிதானமாகச் சுழலும் நிலைக்கு வந்தேன். முழங்கைகளை மடக்கி உடலைத் தாழ்த்தினேன். காற்று மோதும் பரப்பு குறைந்தால் தடையும் குறையும். இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு அப்பால் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். காலையில் ஆற்றிய சொற்பொழிவுகள் எதுவும் வரவில்லை, அவற்றுக்கு மூச்சும் இல்லை. 40 கம்பங்கள்வரை எண்ணினேன், பிறகு எண்ணிக்கை தவறியது. ஓரிடத்தில் பக்கக்காற்று ஓங்கியடித்து வண்டியைச் சாலையின் உட்புறம் தள்ளியபோது இறங்கிச் சற்றுத் தொலைவு நடந்தேன். இறங்கியதை அன்று தோல்வியாக நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சேர 1 மணி 15 நிமிடம் ஆயிற்று. காலையில் ஆனதைவிட ஐந்தே நிமிடம் குறைவு. ஆனால் காலையில் வண்டியை விற்றுவிடும் எண்ணத்தோடு இறங்கியவன், மாலையில் டயருக்குக் காற்று அடித்து வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து, சேர்ந்து ஆறு வாரமான ஒரு புதுப் பணியாளரின் மேசைக்குப் போனேன். வேலை மெதுவாகிறது என்று அவர் இரண்டு முறை என்னிடம் தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தார். இரண்டு முறையும் என் வாக்கியத்தைச் சொல்லி அனுப்பியிருந்தேன். இம்முறை எதுவும் சொல்லாமல் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு பற்றுச்சீட்டின் எண்ணையும் அவர் ஒரு திரையில் படித்து, தாளில் குறித்து, மற்றொரு திரையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லோருக்கும் அந்தப் பட்டியல் நேராகவே திறக்கும். அவருக்கு அதற்கான அனுமதி கொடுக்கப்படவேயில்லை, கொடுக்கவேண்டியவன் நான். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், தனக்குத்தான் கை வேகம் போதவில்லை என்று அவர் நம்பியிருந்தார். என் மன்னிப்பை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அனுமதி வாங்கித் தர ஒரு நாள்கூட ஆகவில்லை.

அந்த மாத இறுதியில் கணக்கு முடிக்கும் வாரம் வந்தது. அந்த வாரத்தில் எல்லோருக்கும் இடுப்பு ஒடியும். மூன்றாம் நாள் மாலை அவர் மீண்டும் வந்து, “ரொம்பக் கஷ்டமா இருக்கு சார்” என்றார். போய் அவருடைய திரைகளைப் பார்த்தேன். எல்லாம் திறந்தன, எல்லாம் ஓடின. பட்டியலில் மீதமிருந்ததையும் எண்ணிப் பார்த்தேன்.

“உங்க பக்கம் எந்தத் தப்பும் இல்லைங்க. இது காத்து. அடிக்கிறப்ப மெதுவாத்தான் போகணும்” என்றேன்.

குளிரூட்டிய அறையின் மூடிய சன்னல்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “எந்தக் காத்து சார்?” என்று கேட்டார்.