காவேரிப்பாக்கம் ஏரி: ஒரு செம்பருந்துக் கூட்டின் நாட்குறிப்பு

பிப்ரவரி 1

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும்: இங்கே இருப்பவை இரண்டு வேறு பறவைகள். ஏரி உள்வாயில் பட்ட மரத்தின் மேல் உட்கார்ந்து மீனைக் கிழிப்பது விராலடிப்பான். வெள்ளை வயிறு, கண்ணோடு ஓடும் கருப்புப் பட்டை. பனிக்காலத்துக்கு வந்து போகும் பறவை, இங்கே கூடு வைப்பதில்லை. கரைக்குக் கீழே ஆலமரத்தில் குச்சி சேர்ப்பது செம்பருந்து, ஊர்ப்பேச்சில் கருடன். தென்னிந்தியாவில் அது கூடு வைப்பது டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. எந்த மதகுக்குப் பக்கம் என்று இங்கே எழுதப்போவதில்லை. கூட்டின் இடம் பரவினால் கேமராக்கள் வந்துவிடும்.

பார்க்கும் இடம் ஏரிக்கரையின் மேல், கூட்டிலிருந்து 120 மீட்டர். கரையே உயரம் கொடுப்பதால் மரம் ஏற வேண்டியதில்லை. 8x42 பைனாகுலர் போதும். தொலைநோக்கி இருந்தால் நல்லது, ஆனால் பத்து மணிக்கு மேல் கானல் எழுந்து எல்லாம் நெளியும். காலை ஆறரை முதல் எட்டரை வரை, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி.

பிப்ரவரி 9

நேற்று வரை செம்பருந்து ஆண், பெண் இரண்டும் பச்சை இலை கொண்டுவந்து கூட்டின் குழிவில் பரப்பின. இன்று பெண் கூட்டில் தாழ்ந்து படுத்திருக்கிறது. விளிம்புக்கு மேல் தலையும் வாலின் நுனியும்தான். இரண்டு மணி நேரத்தில் ஒரே முறை எழுந்து, அலகைக் கீழே விட்டு எதையோ புரட்டி, மறுபடி படுத்தது. முட்டை வைத்துவிட்டது என்பதற்கு இந்த அடையாளம் போதும். எண்ணிப் பார்க்க ஏறக் கூடாது. வழக்கமாக இரண்டு முட்டை, அடைகாப்பு 26, 27 நாள். இன்றைய தேதியோடு கூட்டினால் மார்ச் 7, 8.

பிப்ரவரி 20

காகங்கள். பெண் எழுந்த இடைவெளியில் இரண்டு காகம் விளிம்பில் உட்கார்ந்தன. ஆண் வந்து விரட்டியது. பார்வையாளர் செய்யும் கெடுதல் இங்கேதான். மரத்தடிக்குப் போனால் அடைகாக்கும் பறவை எழும், காகம் அதற்காகவே காத்திருக்கும். காகம் வராவிட்டாலும் வேலூர்ப் பக்கத்து வெயில் இருக்கிறது. நடுப்பகலில் நிழல் விலகிய முட்டை வெந்துபோகும். பறவை நிமிர்ந்து நம்மையே பார்த்தால் பின்வாங்க வேண்டும். எழுந்து பறந்து பத்து நிமிடத்தில் திரும்பாவிட்டால் அன்றைய வேலை முடிந்தது, இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

டிரோன் வேண்டவே வேண்டாம்.

மார்ச் 8

ஆண் கொண்டுவந்த மீனைப் பெண் வாங்கியது. இதுவரை வேறு கிளைக்குப் போய்த் தின்றுவிட்டு வரும். இன்று கூட்டிலேயே நின்று, சின்னச் சின்னதாகக் கிழித்து, கீழே குனிந்து கொடுத்தது. குஞ்சு தெரியவில்லை, தெரிய இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில் "குஞ்சுக்கு இரை ஊட்டுதல்" என்று பதிவு.

மார்ச் 29

இரண்டு தலைகள். எச்சம் விளிம்பைத் தாண்டி வெளியே விழுகிறது, கீழ்க்கிளைகள் வெள்ளையடித்த மாதிரி. வளர்த்தி ஒன்றுபோல இல்லை. மூத்தது முந்திக்கொண்டு வாங்குகிறது. இரை குறைந்தால் இளையது சாகும், அதற்குக் கூட்டில் போய்த் தலையிடுவதில் பொருளில்லை.

இப்போதைக்குக் குறையில்லை. தண்ணீர் வற்றி உள்வாய் சுருங்கியதில் கெண்டையும் ஜிலேபியும் ஆழமில்லாத இடத்தில் நெருங்கிக் கிடக்கின்றன, வலை இழுக்கும் இடத்தில் செத்த மீனும் கிடைக்கும். விராலடிப்பான் உயிர்மீனைத் தண்ணீரில் பாய்ந்து பிடிக்கும். செம்பருந்துக்குச் செத்தது, தவளை, நண்டு எல்லாம் ஒன்றுதான்.

பட்ட மரம் காலி. விராலடிப்பான் வடக்கே கிளம்பியிருக்கும்.

ஏப்ரல் 19

இரவு காற்றோடு கோடைமழை. கூடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது; குஞ்சுகள் இரண்டும் உண்டு. தொங்குகிற நீலநிறம் நைலான் வலைத்துண்டு. செம்பருந்து கந்தல், நூல், வலை எதையும் கூட்டில் சேர்க்கும், குஞ்சின் கால் அதில் சிக்கினால் பறக்கும் நாளில் தலைகீழாகத் தொங்கும். ஒரே குஞ்சு எழாமல் ஒரே இடத்தில் இறக்கையை அடித்துக்கொண்டிருந்தால் சிக்கல் என்று பொருள். அப்போது வனத்துறைக்குச் சொல்ல வேண்டும், நாமே ஏறக் கூடாது. கரையோரம் கிடக்கும் அறுந்த வலையைப் பொறுக்குவது மட்டும் நம் வேலை. இன்று ஒரு சாக்கு.

ஏப்ரல் 28

மூத்தது பக்கத்துக் கிளையில். ஐம்பது நாள் ஆகிறது. உடம்பெல்லாம் பழுப்பு, கரும்பருந்து என்று எழுதிவிடுவது சுலபம். வாலைப் பார்க்க வேண்டும்: நுனி வட்டமாக இருந்தால் செம்பருந்து, பிளந்திருந்தால் கரும்பருந்து. இளையது இன்னும் கூட்டில், இறக்கையை விரித்து விரித்து மடக்குகிறது.