திருவூடலும் எங்கள் வீட்டு ஊடலும்

தாத்தா வீட்டை விற்ற வருஷத்தோடு எங்கள் பொங்கலும் சிதறிப்போனது. ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு குக்கரில் பொங்கிச் சாப்பிட்டோம். சித்திதான் சொன்னார்: "வீடு போனா என்ன, மாட்டுப்பொங்கலுக்குத் திருவண்ணாமலையில கூடுவோம்." இந்தத் தையோடு மூன்று தடவை ஆகிவிட்டது. நான்கு குடும்பம், 19 பேர்.

மாட்டுப்பொங்கல் அன்று அங்கே திருவூடல், சாமிக்கும் அம்மனுக்கும் ஊடல் நடக்கும் விழா. காலையில் பெரிய நந்திக்குக் காய், கனி, வடை, முறுக்கு என்று மாலை மாலையாகச் சாத்தியிருந்தார்கள். பிள்ளைகள் கண் முறுக்கை விட்டு நகரவில்லை. சாயங்காலம் திருவூடல் தெருவில் சண்டை. தன்னை வணங்காத பிருங்கி முனிவருக்கு ஈசன் அருள் செய்யப் போகிறாரே என்று உண்ணாமுலையம்மனுக்குக் கோபம். சுந்தரர் தூது நடக்கிறார், பலிக்கவில்லை. அம்மன் கோயிலுக்குத் திரும்பிவிட, அண்ணாமலையார் ராத்திரி குமரக்கோயிலில் தங்குகிறார். மறுநாள் காலை அவர் தனியாகக் கிரிவலம் கிளம்புவார். பின்னாலேயே நாங்களும்.

சுற்று 14 கிலோமீட்டர். வழியில் எட்டு லிங்கங்கள். வீட்டுக்கு இரண்டு என்று முறை வைத்துச் சூடம் ஏற்றுகிறோம். முதல் வருஷம் சும்மா ஆரம்பித்தது. இப்போது முறை மாறினால் பிள்ளைகள் விடுவதில்லை. அடுத்து எந்த லிங்கம் என்று சொல்வது கடைக்குட்டியின் வேலை. போன வருஷம் நிருதி லிங்கத்தை மறந்தவள், இந்த வருஷம் அதை மட்டும் கத்திச் சொன்னாள்.

பெரியப்பாவும் அத்தையும் வீட்டை விற்றதிலிருந்து பேசிக்கொள்வதில்லை. ஆனால் இருவருமே வருகிறார்கள். "அவளுக்குக் கால் வலிக்குதான்னு கேளு" என்று அவர். "வலிக்கலைன்னு சொல்லு" என்று இவர். வழி முழுக்க எனக்குச் சுந்தரர் உத்தியோகம்தான். ஆதி அண்ணாமலை தாண்டியதும் வெயில் ஏறி, தார்ச்சாலை வெறுங்காலைச் சுட ஆரம்பித்தது. யாருக்கும் பேச்சில்லை.

ஈசான்ய லிங்கம் பெரியப்பா முறை. காற்றில் குச்சி ஒவ்வொன்றாக அணைந்து, பெட்டி காலி. திரும்பிப் பார்த்தார். நான் கொஞ்சம் பின்னால் இருந்தேன்.

"உங்கிட்ட தீப்பெட்டி இருக்கா?"

அத்தை சுருக்குப்பையைத் துழாவினார். "இருக்கு. கையைக் குவிச்சுப் பிடி, நான் கொளுத்துறேன்."

அன்று சாயங்காலம் மறுவூடல், சாமியும் அம்மனும் சமாதானமாகிற நேரம். சாமி வருகிற வரை தெருவோரம் உட்கார்ந்திருந்தோம். அத்தை என்னைக் கூப்பிட்டார்: "அடுத்த வருஷத்துக்கு இப்பவே ரூம் சொல்லி வை. போன தடவை மாதிரி மாடி ரூம் வேண்டாம். உங்க பெரியப்பாவால ஏற முடியல."