விரலால் இறங்காத போல்ட்

இலங்கை வன்னியின் புதுக்குடியிருப்பில் நான் கராஜ் வேலை பழகிய காலம் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்காலம். மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில் ஓடியது. போல்ட்டை அளவு பார்த்து இறுக்கும் டோர்க் ரென்ச்சுக்கு எங்கே போவது? பழக்கிய அண்ணை கைக்கணக்கில்தான் இறுக்குவார். அந்தக் கை பிழைத்து நான் பார்த்ததில்லை. சில வருடத்தில் எனக்கும் அந்தக் கை வந்துவிட்டதென்று நம்பினேன்.

2002, யாழ்ப்பாணம் போகும் ஏ-9 பாதை திறந்த வருடம். காலபோக விதைப்பு நேரம் முத்தையன்கட்டு ஐயா ஒருவரின் உழவு இயந்திரத்துக்கு ஹெட் கஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் தண்ணியும் ஒயிலும் கலக்காமல் அடைக்கும் தகடு) மாற்றிக் கொடுத்தேன். ஐந்தாம் நாளே கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, திருப்பியும் தண்ணி குடிக்குது."

ஒயில் கம்பியை உருவினால் பால் தேத்தண்ணி நிறம், நுனியில் நுரை. ஒயிலில் தண்ணி கலந்துவிட்டது. ஹெட் போல்ட்டுகளில் ஸ்பனர் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. கழற்றிய பிறகுதான் விளங்கியது. இரண்டு போல்ட்டின் புரியில் கரியும் துருவும் அப்பியிருந்தன. நான் துடைக்காமல் போட்டவை.

ஸ்பனரில் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய 50 வீதம் போல்ட் தலைக்கு அடியிலும் 40 வீதம் புரியிலும் உரசலாகப் போய்விடும். மிச்சம் 10 வீதம்தான் போல்ட்டை இழுக்கிறது. இழுபட்ட போல்ட் ஸ்பிரிங் மாதிரிச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுவைதான் ஹெட்டை அமத்திப் பிடிக்கிறது. ஊத்தைப் புரியில் அந்தப் பத்தும் தேறாது. கைக்கு மட்டும் நல்ல இறுக்கமாகத் தெரியும்.

கூலி வாங்காமல் திரும்பச் செய்து கொடுத்தேன். ஆனால் ஐயாவின் விதைப்பு பிந்தியது பிந்தியதுதான். அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

அப்புறம் வவுனியாவில் டோர்க் ரென்ச் வாங்கினேன். நடுவிலிருந்து வெளியே, மூன்று தரமாகக் கூட்டி இறுக்குவேன். அலகையும் பார்க்கவேண்டும்: 60 அடி-இறாத்தல் என்றால் 81 நியூட்டன் மீற்றர். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கினால் போல்ட் இறங்கும்போது புளொக்கே வெடிக்கலாம். ஆனபடியால் துளையைக் காற்றடித்துக் காயவைப்பேன்.

என்னிடம் பழக வரும் பெடியனுக்கு முதல் கொடுப்பது வயர் பிரஷும் ஒரு போத்தல் டீசலும். கழுவிய போல்ட்டை விரலால் மட்டும் திருகி அடிவரை இறக்கிக் காட்டவேண்டும். பாதியில் பிடித்தால், "கழற்று தம்பி, திரும்பக் கழுவு" என்பேன்.