கியாசனூர்க் காட்டின் குரங்குக் காய்ச்சல்

கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில், சொரபா வட்டத்திலுள்ள கியாசனூர்க் காட்டில் 1957ஆம் ஆண்டு குரங்குகள் செத்து விழுந்தன. அதே நாட்களில் காட்டையொட்டிய ஊர்களில் கடும் காய்ச்சலும் ரத்தக்கசிவும் கண்டு மனிதர்களும் இறந்தார்கள். இந்தியாவில் அதுவரை இல்லாத மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. புனேயில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து 1952இல் தொடங்கிய வைரஸ் ஆய்வு மையத்திலிருந்து டெல்ஃபோர்ட் வொர்க் தலைமையிலான குழு காட்டுக்குச் சென்றது. மனிதர்களின் ரத்தத்தோடு செத்த குரங்குகளையும் அவற்றின் உடலில் ஒட்டியிருந்த உண்ணிகளையும் சேர்த்தே ஆராய்ந்ததால்தான், அது மஞ்சள் காய்ச்சல் அல்ல, ரஷ்யக் காடுகளில் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவான ஒரு புதிய வைரஸ் என்பது விரைவிலேயே தெரிந்தது.

அந்த உறவு ஒரு கேள்வியைக் கிளப்பியது. வலசை வரும் பறவைகளின் உடலில் தொற்றிக்கொண்டு வடக்கிலிருந்து உண்ணிகள் வந்திருக்குமோ? உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு, சாலிம் அலியின் வழிகாட்டலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளைப் பெருமளவில் பிடித்துக் காலில் அடையாள வளையமிடத் தொடங்கியது இதற்காகத்தான். அந்த ஐயம் மெய்ப்படவில்லை. ஆனால் இந்தியாவின் வலசைப் பறவைகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்த உழைப்பிலிருந்து வந்தது. ஒரு காய்ச்சலைத் தேடிப் போனவர்கள் பறவையியலுக்கு இவ்வளவு பெரிய செல்வத்தைச் சேர்த்துத் தந்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

விடை உள்ளூரிலேயே இருந்தது. கொலம்பியாவிலிருந்து வந்த ஹோர்ஹே போஷெல், மக்கள்தொகை பெருகிக் காட்டை வெட்டி வயலாக்கியதும், மாடுகளைக் காட்டுக்குள் மேய விட்டதுமே நோய் வெளிப்பட வழிவகுத்தன என்று 1969இல் எழுதினார். மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணிகள் மாட்டின் ரத்தத்தைக் குடித்துக் கீழே விழுந்து முட்டையிடுவதால், மாடு மேயும் காட்டோரத்தில் உண்ணிகள் பெருகுகின்றன. மழைக்காலம் முடிந்து வறட்சி தொடங்கும்போது எள்ளளவே உள்ள இளம் உண்ணிகள் சருகுகளில் நிறைந்திருக்கும். குரங்கு ஒன்று இறந்துவிட்டால் அதன் உடலில் இருந்த உண்ணிகள் இறங்கி, அந்த இடத்திலேயே அடுத்த உடலுக்காகக் காத்திருக்கும். அந்த வறண்ட பருவத்தில்தான் விறகுக்கும், தொழுவத்தில் பரப்பும் சருகுக்குமாக மக்கள் காட்டுக்குள் போகிறார்கள்.

ஆகவே, குரங்கின் சாவு இந்த நோயில் முன்னெச்சரிக்கை. அதை முதலில் பார்ப்பவர் வனக் காவலர் அல்லது மாடு மேய்ப்பவர். உண்ணியை அறிந்தவர் கால்நடை மருத்துவர். காய்ச்சலோடு வருபவரைப் பார்ப்பவர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். மாடு மேய்ப்பவரைத் தவிர மற்ற மூவரும் மூன்று துறைகளின் ஊழியர்கள். ஆய்வுக்கூடத்தில் அறிவியலாளர்கள் தாண்டிய, துறைகளுக்கு இடையிலான எல்லையை நிர்வாகம் இன்னும் முழுதாகத் தாண்டவில்லை என்பதே என் கவலை. 2012 இறுதியில் பந்திப்பூரில் இறந்த குரங்குகளைக் கையாண்டவர்களுக்கே இந்தக் காய்ச்சல் வந்தது. அதே பருவத்தில் நம் நீலகிரியிலும் இறந்த குரங்குகளில் வைரஸ் கண்டறியப்பட்டது. 2019இல் சாகர் வட்டத்து அரலகோடு பகுதியில் பல உயிர்கள் போயின.

அண்மை ஆண்டுகளில் இந்திய, பிரிட்டன் ஆய்வாளர்கள் காட்டு மக்களோடும் மூன்று துறை அலுவலர்களோடும் சேர்ந்து அமர்ந்து, நோய் வரக்கூடிய இடங்களைக் காட்டும் வரைபடங்களைத் தயாரித்திருக்கிறார்கள். பசுமைமாறாக் காடும் தோட்டங்களும் கலந்து, நாட்டு மாடுகள் மிகுந்த இடங்களே அதிக ஆபத்தானவை என்று அவர்களின் ஆய்வு காட்டுகிறது. 1990 முதல் பயன்பாட்டில் இருந்த தடுப்பூசி போதிய பாதுகாப்பு தராததால் 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. புதிய தடுப்பூசிக்கான முயற்சி நடந்துகொண்டிருக்கும் இந்த இடைவெளியில், குரங்கு இறந்த செய்தி அன்றைய தினமே வனத்துறையிலிருந்து சுகாதாரத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் போய்ச் சேர்வதும், காட்டுக்குள் போகும் ஒவ்வொருவருக்கும் உண்ணி விரட்டும் எண்ணெய் பருவம் தொடங்கும் முன்பே கையில் கிடைப்பதும் நீலகிரியிலும் நடைமுறையாக வேண்டும்.